சனிக்கிழமை ஈரத்தலை

டிசம்பர் 6, சனி

இன்று அவர் குளிரைத் திட்டவில்லை.

பின்னால் யாராவது நான் கற்பனை செய்தேன் என்று சொன்னால் காட்டுவதற்காக எழுதி வைக்கிறேன். ஆகஸ்டில் இந்த ஔலுவில் வந்து இறங்கியதிலிருந்து என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி குளிரைத் திட்டாத நாள் கிடையாது. பல் துலக்கும்போது திட்டுவார், பூட்ஸ் மாட்டும்போது திட்டுவார், கண்ணாடியில் ஆவி படிந்தால் கண்ணாடியையும் சேர்த்துத் திட்டுவார். பிரேசிலில், சால்வடார் நகரத்துக் கடற்கரையில், பதினான்கு வருஷம் கைவைத்த பனியனோடு திரிந்த மனிதர். அவரைக் கம்பெனி பின்லாந்தின் வடக்கே, கடலே உறைந்து கிடக்கிற ஊரில் கொண்டுவந்து போட்டிருக்கிறது. திட்டத்தான் செய்வார்.

இன்று மைனஸ் பதினெட்டு. மத்தியானம் தானாகவே எழுந்து, "நடந்துட்டு வாரேன் கொடி" என்று கிளம்பினார். இருட்டி வெகுநேரம் கழித்து வந்தார். கன்னமெல்லாம் சிவப்பு. குல்லாவைக் கழற்றினால் தலை ஈரம்.

"என்னங்க, தலை நனைஞ்சிருக்கு?"

"பனி கொட்டிச்சுல்லா."

பனி கொட்டவில்லை. நான் ஜன்னலோரத்தில்தான் இருந்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

எனக்கு இந்தக் குளிர் பிடித்திருக்கிறது. டைரியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ராஜபாளையத்துக்குப் போன் போட்டால், "ஐயோ பாவம், எப்படித்தான் இருக்கீங்களோ" என்கிறார்கள். நானும் "என்ன செய்ய" என்று ஒரு பெருமூச்சு விட்டு வைக்கிறேன். உள்ளபடி என்னவென்றால், தினமும் சில தடவை எனக்கு உச்சந்தலையில் தீப் பற்றிக்கொள்கிறது. மாத்திரையின் வேலை. கழுத்தும் முதுகும் கொதிக்கும். சால்வடாரில் இது வந்தால் மின்விசிறிக்குக் கீழே நின்று அழுவேன். இங்கே பால்கனிக் கதவைத் திறந்து நைட்டியோடு போய் நிற்கிறேன். கருநீல இருட்டு, எதிர்வீட்டு ஜன்னல்தோறும் மெழுகுவத்தி விளக்கு, மூக்கு முடி உறைகிற நறநறப்பு. சொர்க்கம் என்று ஒன்று கிடையாது என்றுதான் கறுப்புச் சட்டைக்கார அப்பா என்னை வளர்த்தார். இருந்தால் அது மைனஸ் பதினெட்டில்தான் இருக்கும்.

சாப்பாட்டில்தான் மனசு அடங்க மாட்டேன் என்கிறது. இன்று சால்வடாரில் துறைமுகத்து மாதா திருவிழா. தெருவுக்குத் தெரு அகராஜே பொரிப்பார்கள். தட்டைப்பயறை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்து, பிளந்து, உள்ளே இறாலும் காரமும் வைத்துத் தருவார்கள். நம் வடைக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை என்பார் இவர். இன்றைக்கு ஆரம்பித்தால் அங்கே திருவிழாவுக்குப் பஞ்சமே இல்லை. ஜனவரியில் கோயில் படிக்கட்டை வாசனைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற விழா. பிப்ரவரி இரண்டாம் தேதி கடல் அம்மன் யெமான்ஜாவுக்கு. அப்புறம் கார்னிவல், இவர் தெரு மேளக் கூட்டத்தோடு சேர்ந்து பெரிய மேளத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு அடிப்பார். யெமான்ஜாவுக்குப் படகு படகாகப் பூவும் வாசனைச் செண்டும் கொண்டுபோய்க் கடலில் போடுவார்கள். கடலுக்கு எதற்குச் செண்டு என்று கேட்டுவிட்டு நான் இரண்டு அகராஜே வாங்கித் தின்பேன். சாமி எனக்கு ஆகாது. சாமி கும்பிடுகிற இடத்துச் சாப்பாடு ஆகும்.

பிப்ரவரி நடுவில் இவர் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கேயே நிரந்தரமாக இருப்பதா, சால்வடாருக்குத் திரும்புவதா.

"ஒனக்கு எப்படி வசதி?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்படியோ அப்படி."

"எனக்கென்ன, நீ சொல்லு."

அதோடு பேச்சு முடிந்தது. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் எல்லா முடிவும் இப்படித்தான் எடுக்கப்படாமல் கிடக்கிறது.

டிசம்பர் 13, சனி

மறுபடியும் ஈரத்தலை. இந்தத் தடவை சட்டையில் விறகுப் புகை வாசனை வேறு.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வம்சம்தான் இவருடையது. ஆனால் அதற்கு வீட்டில் குளியலறை இருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

குளியலறையில் போன் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, போர்த்துகீசிய மொழியில். நான் துண்டு மடிக்கிற சாக்கில் கதவோரம் நின்றேன். கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தவள். பரீட்சை ஹாலில் காப்பியடிக்கிறவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற முதுகு எனக்குத் தெரிந்தது.

அவர் சொன்னது இது: "அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அங்கே இடம் காலியானால் உடனே சொல்."

ஆக, திரும்பிப் போகிறார். என்னையும் சேர்த்தா, என்னை விட்டுவிட்டா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசமும் உருளைக்கிழங்கும். உப்பைக் குறைத்தேன், அவருக்கு ரத்த அழுத்தம். அந்தக் கோபத்திலும் குறைத்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

மகள் இளவெயினி பேசினாள். சால்வடாரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். முதல் கேள்வியே, "அப்பா பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களாம்மா?" இதுவரை கேட்டதே கிடையாது.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான். நீங்க டெஸ்ட்டுக்கு எப்போ போறீங்க?"

"போவேன், போவேன். அங்க இப்ப மாம்பழம் வந்திருச்சா?"

மாம்பழத்தைப் பற்றி நிறையப் பேசினோம்.

டிசம்பர் 21, ஞாயிறு

வருஷத்திலேயே குட்டையான பகல். சூரியன் கூரைக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விட்டது. எனக்கு வருத்தமில்லை. இருட்டில் என்னை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உடை மாற்ற விளக்கை அணைக்க வேண்டிய வேலையும் மிச்சம்.

கீழ்வீட்டு மர்யத்தாவைப் பற்றி எழுத வேண்டும். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தனி ஆள், அறுபதைத் தாண்டியிருப்பாள். நெடுநெடுவென்று உயரம். இந்த ஊர்க்காரர்கள் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பார்கள். அதை நான் மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று மர்யத்தா இவரைப் பார்த்துத் தலையசைத்தாள். இவரும் தலையசைத்தார். பிறகு என்னிடம் வந்து, கடற்கரையில் அவர்கள் சங்கத்துச் சானா இருக்கிறது, பெண்களுக்குத் தனி நேரம், வருகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சானா என்றால் சூடேற்றிய மர அறை. உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் வரிசையாக உட்கார்ந்து வியர்ப்பது இவர்களுக்கு வழக்கம்.

"தலைவலி" என்றேன்.

"இப்போதா, எப்போதுமா?" என்று கேட்டாள். பொல்லாதவள்.

டிசம்பர் 24, புதன்

ஊரே அடைத்துக் கிடக்கிறது. கடைசி மரவள்ளி மாவை வெண்ணெயில் வறுத்து ஃபரோஃபா பண்ணினேன். பால்கனிப் பனியில் புதைத்து வைத்திருந்த கறுப்புப் பயறுக் குழம்பை எடுத்து இளக்கினேன். சால்வடாரில் இந்நேரம் ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும், பக்கத்து வீட்டுப் பாட்டு நம் வீட்டில் ஆடும், யார் வீட்டுத் தட்டு யார் வீட்டில் இருக்கிறது என்றே தெரியாது.

அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். கண் கலங்கியது.

"காரம்" என்றார்.

நான் காரமே போடவில்லை.

டிசம்பர் 27, சனி

ஈரத்தலை.

ஜனவரி 1, வியாழன்

நேற்று ராத்திரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பிரேசிலில் வருஷப் பிறப்புக்கு எல்லோரும் வெள்ளைதான். கடலுக்குப் போய் ஏழு அலை தாண்டுவார்கள். நானும் வெள்ளை உடுத்தினேன். ஜன்னல் வழியாக வாணவேடிக்கை பார்த்தோம்.

"இங்க அலையே இல்லையே கொடி" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அலைக்காக ஒரு மனிதன் இவ்வளவு வருத்தப்படுவானா? அலைக்கு அந்தப் பக்கம் யாரோ இருந்தால்தான் வருத்தப்படுவான்.

ஜனவரி 10, சனி

அவர் "நடக்க" போனதும் சாவியை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போனேன். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே கம்பிவலை அடித்த ஒரு கூண்டு உண்டு, தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்க. எங்கள் கூண்டில் காலி சூட்கேஸ்களுக்குப் பின்னால் ஒரு துணிப்பை. சால்வடாரிலிருந்து தபாலில் வந்தது, மேலே மகளின் கையெழுத்தில் அவர் பெயர். உள்ளே ஒரு செண்டு பாட்டில், கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு சீப்பு.

நல்ல சீப்பு. மாட்டுக் கொம்பில் செய்தது, பல் அகலமானது. நீளமான அடர்த்தியான கூந்தலுக்குத்தான் அப்படி ஒன்று தேவைப்படும்.

செண்டு மட்டும் வாங்கியிருந்தால் பொறுத்திருப்பேன். எனக்குச் சீப்பு தேவைப்பட்டே நாளாகிறது. முடி கொட்டினது கொட்டினதுதான், முளைத்தது ஏதோ காதுவரை வந்து நிற்கிறது, விரலால் ஒதுக்கினால் போதும். இருபது வருஷம் என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கேலி பண்ணின மனிதர் இன்னொருத்திக்குச் சீப்பு வாங்கியிருக்கிறார். மகளும் உடந்தை.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன். பால்கனியில் கொஞ்சநேரம் நின்றேன். தீ வரவில்லை, ஆனாலும் நின்றேன்.

ஜனவரி 15, வியாழன்

சால்வடாரில் இன்று படிக்கட்டுக் கழுவுகிற விழா. அந்தக் கோயில் வாசலில் கலர் ரிப்பன் விற்பார்கள். மணிக்கட்டில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டு வேண்டிக்கொள்ள வேண்டும். தானாக இற்று விழும்வரை கழற்றக் கூடாதாம்.

பாத்திரம் கழுவும்போது அவர் வாட்சைக் கழற்றி வைத்தார். அடியில் அந்த ரிப்பன். நீலமாக இருந்தது, வெளுத்து நூலாகிவிட்டது. எப்போது கட்டினார்? என்னை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த வருஷத்துக்கு முன்பு அது அவர் கையில் இல்லை.

எங்களுடையது மாலை மாற்றின கல்யாணம், தாலி கிடையாது. இந்த மனிதர் வாழ்க்கையில் போட்ட மூன்று முடிச்சு அந்தக் கையில்தான் இருக்கிறது.

"இது என்னது?"

"சும்மா, ஒரு ஞாபகத்துக்கு" என்று சொல்லி அவசரமாக வாட்சைக் கட்டிக்கொண்டார், ஈரக்கையோடு.

ஜனவரி 24, சனி

பின்தொடர்ந்து போனேன். வெட்கமில்லை. பனி இருக்கிற ஊரில் கள்ளத்தனம் பண்ணுகிறவன்தான் வெட்கப்பட வேண்டும், காலடி அப்படியே கிடக்கிறது. வாசலில் ஒரு ஜோடித் தடம், இவருடையது. கீழ்வீட்டு வாசலிலிருந்து இன்னொரு ஜோடி வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பைன் மரங்களுக்கு நடுவே, கடற்கரை வரைக்கும்.

அங்கே ஒரு மரவீடு. புகைபோக்கியில் புகை. உள்ளே மஞ்சள் வெளிச்சம். கதவு திறந்தபோது மர்யத்தா முதலில் நுழைந்தாள், இவர் பின்னால். கதவு சாத்திக்கொண்டது.

நான் மரத்தடியில் நின்றேன். மேலே வானம் ரோஜா நிறம். பனி மூடின கடல் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று. இவ்வளவு அழகை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, அதைப் பார்த்துக்கொண்டு இப்படி ஒரு காரியத்துக்காக நிற்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வந்தது.

மர்யத்தாவின் முடியும் கட்டையாகத்தான் இருக்கிறது. அப்படியானால் சீப்பு யாருக்கு? சால்வடாரில் ஒருத்தி, இங்கே ஒருத்தியா? இவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. ஒன்றையே இந்த லட்சணத்தில்தான் மறைக்கிறார்.

இவ்வளவும் எழுதிவிட்டு காலையில் ஊறப்போட்ட உளுந்தை அரைக்கப் போகிறேன். இட்லிக்கு மாவு பொங்க ரேடியேட்டர் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஜனவரி 29, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்குச் செய்தி. பிப்ரவரி ஐந்தாம் தேதி வரச் சொல்கிறார்கள், படம் எடுக்க. அழித்துவிட்டேன்.

"ஏதும் மெசேஜ் வந்துச்சா?" என்றார் சாயங்காலம்.

"இல்லையே."

அவர் என் முகத்தையே பார்த்தார். என்னைச் சந்தேகப்படுகிறார் போலிருக்கிறது. இவருக்கு என்ன தைரியம்.

பிப்ரவரி 2, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

காலையில் டை கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, "ஆபீஸுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். ஆபீஸ் அட்டை ஆணியிலேயே தொங்கியது. அது இல்லாமல் அவர் ஆபீஸ் கதவு திறக்காது. நிலவறைக்கு ஓடினேன். துணிப்பை இல்லை.

இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு தடத்தைப் பிடித்துப் போனேன். மனசுக்குள் பேசி வைத்திருந்தேன், சத்தம் போடக்கூடாது, அழக்கூடாது, "நல்லா இருங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று.

மரவீட்டைத் தாண்டி, பனிக்கடல் மேல் பலகை போட்ட ஒரு பாதை. அதன் முடிவில் பனியை வெட்டி ஒரு சதுரக் கிணறு. கறுப்புத் தண்ணீர், இறங்குவதற்கு ஏணி. அங்கே நின்றுகொண்டிருந்தார் என் புருஷன். தலையில் கம்பளிக் குல்லா, காலில் கம்பளி உறை, இடுப்பில் வெள்ளை வேட்டி. மேலே ஒன்றுமில்லை. மர்யத்தா அவர் கையைப் பிடித்திருந்தாள். விடாமல், குனிந்து, ஆசையாக.

"சங்கரபாண்டி" என்று கூப்பிட்டேன். கல்யாணமாகி முதல் தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

அவர் திரும்பினார். மர்யத்தா திரும்பவில்லை. தன் வாட்சைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப வேகமாக அடிக்கிறது. இன்றைக்கு இவரை இறங்க விடமாட்டேன். நீயே சொல், நான் சொன்னால் கேட்கவில்லை" என்றாள்.

நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அல்லவா.

"என்னங்க இது?"

அவருக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. "திட்டாத கொடி" என்றார் முதலில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். "நீ அங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேண்டிக்கிட்டேன். பிப்ரவரி ரெண்டு, அந்தக் கடலம்மா திருநாள் அன்னைக்கு, அஞ்சு வருசம் தலை முங்குதேன், கொடிய எனக்குத் தந்துருன்னு. ரெண்டு வருசம் அங்கயே கடல்ல முங்கிட்டேன். இது மூணாவது. இங்கன கடலே கல்லாக் கெடக்கு. அதான் ஊருக்கே திரும்பிருவோமான்னு ஆபீஸ்ல எடம் கேட்டேன், கெடைக்கல. இந்தம்மாகிட்டச் சொன்னேன், சனிக்கிழமை சனிக்கிழமை பழக்கிவிடுதேன்னாங்க. சானாவுல வேர்த்துத் தலை நனையுததோட சரி, தண்ணியில இடுப்புக்கு மேல எறங்க முடியல. நெஞ்சு படபடங்குது."

ஏணிக்குப் பக்கத்தில் பலகை மேல் வெள்ளைப் பூ, செண்டு, கண்ணாடி, சீப்பு. யெமான்ஜா அழகு பார்க்கிறவள், அவளுக்கு இவைதான் காணிக்கை. பதினான்கு வருஷம் அந்தக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவள் நான். டிசம்பரில் இந்த டைரியிலேயே பூவும் செண்டும் என்று எழுதியிருக்கிறேன். சந்தேகப்படுகிற ஜோரில் கண் முன்னால் இருந்தது தெரியவில்லை.

"கடல்ல பூப் போட்டாப் போதும். தலை முங்கச் சொல்லி அங்க யாருங்க கேட்டா?"

"சங்கரங்கோயில்ல அப்படித்தான் வேண்டுவோம். எனக்கு வேற மாதிரி வேண்டத் தெரியாது."

"எனக்காக எந்தச் சாமிகிட்டயும் போய் நிக்க மாட்டேன்னு கைல அடிச்சு சத்தியம் பண்ணீங்க."

"நம்ம ஊருச் சாமின்னு நெனச்சுல்லா சத்தியம் பண்ணேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பனியில் அழக்கூடாது, கண்ணீர் இமையில் ஒட்டிக்கொள்கிறது. இந்த மனிதர் என்னை விட்டுப் போகப்போகிறார் என்று இரண்டு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். பயந்திருக்கிறேன். அதைக்கூட நேராக எழுதவில்லை, இட்லி மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். பாதி உடம்போடு இருப்பவளை யார் வைத்துக்கொள்வார்கள் என்று நான்தான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை.

அவர் ஏணிக் கம்பியைப் பிடித்தார். "ஒரு முங்கு. அஞ்சே செகண்டு."

"கைய எடுங்க" என்றேன். "வேண்டுதல் யாருக்காக?"

"ஒனக்காகத்தான்."

"அப்ப முங்க வேண்டிய உடம்பு என்னுது. நான் எறங்குறேன்."

அவர் ஏணிக் கம்பியை விட்டார். மர்யத்தாவுக்குத் தமிழ் புரிந்திருக்காது, ஆனால் நான் கோட்டைக் கழற்ற ஆரம்பித்ததும் புரிந்துவிட்டது. முதலில் சானாவில் உட்கார், பிறகுதான் தண்ணீர் என்றாள். இதயம் எப்படி, என்ன மாத்திரை என்று கேட்டாள். சொன்னேன். வெளி ஆளிடம் அந்த மாத்திரையின் பெயரை நான் சொன்னது இதுவே முதல் தடவை.

உடை மாற்றுகிற அறையில் பளிச்சென்று விளக்கு. எல்லாவற்றையும் கழற்றினேன். இடது மார்பு இருந்த இடம் தட்டையாக, குறுக்கே ஒரு தையல் கோடு. மர்யத்தா பார்த்தாள். பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு ஜோடிக் கம்பளி உறை எடுத்துக் கொடுத்தாள். "ஏணி வழுக்கும், போட்டுக்கொள்" என்றாள். அவ்வளவுதான்.

அவருடைய இன்னொரு வேட்டியை மேலே சுற்றிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். முழங்கால்வரை தண்ணீர் கடித்தது. இடுப்புவரை வந்தபோது மூச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மர்யத்தா மேலேயிருந்து "வெளியே விடு, மூச்சை வெளியே விடு" என்றாள். விட்டேன். அந்த நேரம் பார்த்து என் உச்சந்தலைத் தீ பற்றிக்கொண்டு வந்தது. சரி வா என்று அதையும் கூட்டிக்கொண்டு முங்கினேன்.

உள்ளே சத்தமில்லை. தீ அணைந்தது. மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து முழுசாக அணைந்தது இன்றுதான்.

மேலே வந்தபோது டம் டம் என்று ஏதோ அதிர்ந்தது. என் நெஞ்சு என்றுதான் நினைத்தேன். அவர் சானா மரவாளியைக் கவிழ்த்துப் போட்டு, கோட்டை மேலே போர்த்திக்கொண்டு, கார்னிவல் மேளம் அடித்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் கண்ணீராக. சங்கத்துக் கிழவர்கள் இரண்டு பேர் துண்டோடு வந்து நின்று சுவரைப் பார்ப்பதுபோல் கடலைப் பார்த்தார்கள். அப்புறம் அதில் ஒருவர் கால் தாளம் போட்டது.

பூவை மட்டும் தண்ணீரில் விட்டோம். செண்டை ஊற்ற மர்யத்தா சம்மதிக்கவில்லை. மீன் இருக்கிறதாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

உடம்பு பூராவும் வலி. அவர் லீவு. இருக்கிற தட்டைப்பயறை ஊறவைத்து இரண்டு பேருமாகத் தோல் உரித்தோம். செம்பனை எண்ணெய் இல்லை, கடுகெண்ணெயில் பொரித்தோம். அகராஜேயும் இல்லை, வடையும் இல்லை. தின்றோம்.

"எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பிடிக்கல" என்றார். "ஆனா வேர்க்காத ஒன் மொகத்த இங்க வந்துதான் பாக்கேன். இருப்போம். வருசா வருசம் பிப்ரவரிக்கு லீவு போட்டுட்டு அங்க போவோம். கார்னிவல் முடிஞ்சு வருவோம்."

"அகராஜேக்கு நான் வர்றேன். முங்குறது நீங்க."

"சரி."

ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பழக்கமில்லாத காரியம், இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

செய்தியை அழித்ததை அவரிடம் சொன்னேன். தெரியும் என்றார், ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கூடவே வந்தார். படம் எடுத்தார்கள். பதில் வர நாளாகுமாம்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. அவர் குளிரைத் திட்டிக்கொண்டே வீடுவரை வந்தார். கேட்க நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

கண்ணாடியை மர்யத்தா சானாச் சுவரில் மாட்டிவிட்டாள். செண்டு அவர் மேஜையில் இருக்கிறது. சீப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

காலையில் பால்கனியில் நின்று சீவிப் பார்த்தேன். பின்பக்கம், கழுத்துக்கு மேலே, கொஞ்சம் சிக்கு இருந்தது.